எடை குறைந்த சேணம்: சோதிப்பது எப்படி?

கேள்வி: உள்ளே சட்டம் (வடிவம் தரும் கடினமான கூடு) இல்லாத 4 கிலோ சேணம் ஒன்று சோதனைக்கு வந்திருக்கிறது. குதிரைக்குப் பொருந்துகிறதா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1: முதலில், சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பில்லாமல் வைத்துப் பாருங்கள். முன்பகுதி தோள்பட்டை எலும்பின் மேல் ஏறக் கூடாது. பின்முனை கடைசி விலாவைத் தாண்டவே கூடாது.

பதில் 2: சட்டம் இல்லாததால் ஆளின் எடை நேராக முதுகெலும்பின் மேல் இறங்கும். பெரிய சிக்கலே இதுதான். நடுவில் பள்ளம் விட்ட தடித்த விரிப்பு கட்டாயம். ஏறுபடியில் நின்று ஏறுங்கள். தரையிலிருந்து ஏறினால் ஒருபக்கமாகச் சரியும். அதற்காக வயிற்றுவாரை இறுக்கித் தள்ளாதீர்கள், பாவம், குதிரை மூச்சு விட வேண்டும்.

பதில் 3: 30 நிமிடம் ஓட்டிக் கழற்றியதும் வியர்வையைப் பாருங்கள். முதுகெலும்பு நெடுகக் காய்ந்திருந்தால் நல்லது. பக்கவாட்டில், ஈரத்துக்கு நடுவே காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் அதிகம். அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வார் தொங்கும் இடத்தை முதலில் பாருங்கள்.