சாரல் காலக் குற்றாலமும் நெல்லை விருந்தும்: நடையை விடாமல் இருப்பது எப்படி?

கேள்வி: கோடம்பாக்கத்துக்காரர்

வணக்கம். ஜூலை நடுவில் குடும்பத்துடன் குற்றாலத்தில் தங்கிவிட்டு, திரும்பும் வழியில் திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள உறவினர் வீடுகளுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த நான் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவன். சென்னையில் காலை ஒரு மணி நேர நடையை விடுவதில்லை. அருவிக் குளியல், பார்டர் பரோட்டா, அத்தை வீட்டுச் சொதி, அல்வா என்று அங்கே பொழுதெல்லாம் உட்காருவதும் உண்பதுமாகவே போய்விடும் என்பதுதான் என் கவலை. விருந்தை மறுத்து அத்தையின் மனத்தை நோகச் செய்யவும் விருப்பமில்லை. பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவி வரை மலையேறலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார், அது இயலுமா? அந்த வட்டாரத்திலேயே அமைந்த நடை, ஏற்றம், மிதிவண்டிப் பாதை எவையேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். மூட்டுவலியுள்ள என் தாயாரும் உடன் வருகிறார்.

மறுமொழி: தென்காசி மேல்காற்று

அண்ணாச்சி, செண்பகாதேவியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த மலைப்பாதை வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அம்மன் கோயில் விழா நாள்களில் அனுமதி தருவதுண்டே தவிர, சீசனுக்கு வருகிறவர்கள் நினைத்தபோது ஏற முடியாது. யாராவது குறுக்குவழி காட்டுகிறேன் என்று அழைத்தாலும் போகாதீர்கள். மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்ததை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அதற்கு மாற்றாக, பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை சுமார் 4 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. விடிந்தும் விடியாத நேரத்தில் புறப்பட்டால், மரநிழலும் சாரலுமாக, வியர்வையே தெரியாமல் நடந்துவிடலாம். போய்வந்தால் உங்கள் சென்னைக் கணக்கைத் தாண்டிவிடும். ஒன்பது மணிக்கு மேல், அதிலும் சனி ஞாயிறுகளில், அதே சாலையில் வேன்களும் கார்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அப்போது நடப்பது புகையை விழுங்குவதற்குச் சமம். அருவியில் நிற்பதையே உடற்பயிற்சியாகக் கணக்கெழுதும் விருந்தாளிகளை எங்கள் ஊரில் நிறையப் பார்க்கலாம். குளியல் உடலுக்கு இதந்தான். ஆனால் அது பசியைத்தான் கூட்டும், அந்தப் பசிக்குத்தான் அருவிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடைகள் காத்திருக்கின்றன.

மிதிவண்டி கிடைத்தால் தென்காசியிலிருந்து கிழக்கே சுந்தரபாண்டியபுரம் பக்கம் செல்லுங்கள். வயல்வெளிகளும் குளங்களுமாகச் சமதளச் சாலை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, போகும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும், அந்தச் சுகத்தில் வெகுதூரம் போய்விட்டால், திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைய, ஒவ்வொரு மிதியும் மேட்டில் ஏறுவதுபோல் இருக்கும். எனவே கால் சோர்வதற்கு முன்பே வண்டியைத் திருப்பிவிடுங்கள். இந்தக் காற்றின் வேகத்தை அறிய வேண்டுமானால் தென்காசியின் காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும். வேட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மறுமொழி: கீழ ரத வீதி

உணவைப் பற்றி நான் எழுதுகிறேன். உறவினர் வீட்டில் மறுப்பதைவிட நேரத்தையும் அளவையும் மாற்றுவதே நல்லது. சொதி தேங்காய்ப்பாலால் ஆனது. சோறு ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீடுகளில் அதற்குத் துணையாக இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைப்பார்கள். உங்களுக்கு இஞ்சி போதும், உருளைக்கிழங்கை நகர்த்தி வைத்துவிடலாம். சோற்றை ஒரே முறை வாங்கிக்கொண்டு, மறுமுறை காய்கறித் துண்டங்களை மட்டும் கேளுங்கள். அத்தைக்குத் தேவை உங்கள் இலை காலியாவது. எதனால் காலியாயிற்று என்பதை அவர் ஆராயப் போவதில்லை. மதிய விருந்துக்குப் பின் பாயை விரிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை அளவு குறைவாகவே ஏறும். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் இரவு பரோட்டா சாப்பிட்டாலும் இதுவே முறை: ஒன்றோடு நிறுத்தி, நாட்டுக்கோழியைக் கூடுதலாகச் சொல்லுங்கள், சால்னாவை ஊற்றி ஊறவைக்காதீர்கள்.

அல்வாவுக்கு வருகிறேன். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்தெடுத்த பாலைச் சர்க்கரையோடும் நெய்யோடும் கிண்டுகிற பண்டத்தில் சர்க்கரை நோயாளிக்கு ஏற்ற வகை என்று எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். எதிரிலேயே நெல்லையப்பர் கோயில். கோயில் வளாகம் 850 அடிக்கு 756 அடி என்பதால் மதிலை ஒட்டிய ஒரு சுற்றே ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வரும். நான்கு ரத வீதிகளிலும் நடந்தால் அதற்கும் மேல். காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு இரண்டு சுற்று நடந்தபின், 100 கிராம் வாங்கிக் குடும்பத்தோடு பகிர்ந்து, சூட்டோடு விரலில் வழுக்கும் ஒரு துண்டை மட்டும் வாயில் போடுங்கள். மீதியைப் பொட்டலமாக விடுதிக்குக் கொண்டுபோனால் இரவில் அது உங்களைத் தூங்கவிடாது. அந்த நடையால் அல்வா செரித்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ஒரு மணி நேர வேகநடைக்கே 300 கலோரிதான் செலவாகும்.

பாளையங்கோட்டையில் தங்கும் நாளில் வ.உ.சி. மைதானத்துக்குப் போய்விடுங்கள், நடப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். திருச்செந்தூர்ச் சாலையில் பதநீர் கிடைத்தால் பனையோலைப் பட்டையில் ஒரு மிடறு சுவைக்கலாம். இயற்கையானது என்று சொல்லி யாராவது நிறைய ஊற்றினால் தடுத்துவிடுங்கள். அதில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சர்க்கரை இருக்கிறது.

மறுமொழி: கடையத்து மண்

ஏற்றம் வேண்டுமென்றால் கடையத்துக்கும் தென்காசிக்கும் இடையே தோரணமலை முருகன் கோயில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் படிகள், உச்சியில் குகைக்கோயில். காலையிலேயே ஏறிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. இரண்டு இட்லியாவது உண்டு, பையில் குளுக்கோஸோ மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையை எந்நேரம் எடுப்பது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அருவிப் பாறையில் நடக்கும்போதும் வெறுங்காலில் சிறு கீறல் பட்டால்கூட உடனே கவனிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் எனக்குப் பிடித்தது கால்வாய்க் கரை நடைதான். கார் நெல் பருவத்துக்குப் பாபநாசம் அணையைத் திறந்திருந்தால், ஜூலையில் கன்னடியன் கால்வாயில் கரை தொட்டு நீர் ஓடும். கல்லிடைக்குறிச்சியில் இறங்கிக் கரையோரமாக நடந்தால் ஒருபுறம் நாற்றங்கால், மறுபுறம் நீரோட்டம், மேற்கே பொதிகை மலை. தரை மண்ணானதால் முழங்காலுக்கும் நோவில்லை. ஆற்றில் நீந்த ஆசைப்பட்டால் உள்ளூரார் குளிக்கும் படித்துறையில், அவர்கள் காட்டும் எல்லைக்குள் மட்டும் நீந்துங்கள்; தாமிரபரணி மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கும்.

கோடம்பாக்கத்துக்காரர்

மூவருக்கும் நன்றி. தோரணமலைக்குத் தாயாரை அழைத்துச் செல்ல முடியாது. நாங்கள் ஏறும்போது அவர் கீழே காத்திருக்கலாமா? அவருக்கென்று தனியாக ஏதேனும் உண்டா?

கடையத்து மண்

அடிவாரத்தில் உட்கார இடமுண்டு அண்ணாச்சி. ஆயினும் அத்தனை நேரம் தனியே உட்கார வைக்க வேண்டாம், வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு இருக்கட்டும். அம்மாவுக்கு ஏற்றது நெல்லையப்பர் கோயிலின் உள்பிராகாரம். காந்திமதி அம்மன் சந்நிதிக்கும் சுவாமி சந்நிதிக்கும் இடையே உள்ள சங்கிலி மண்டபத்தில் வெயிலும் மழையும் படாது, தரை மட்டமாக இருக்கும், களைத்தால் தூணோரம் உட்கார்ந்துகொள்ளலாம். கூட்டம் குறைந்த வேலைநாளாகப் பார்த்து, நடை சாத்தும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.