ஆயில் சீல் ஒரு திசையில் மட்டும் கசிகிறது. த்ரஸ்ட் பேரிங்கில் ஒரே ஒரு பேட் சூடேறுகிறது

கேள்வி

கியர்பாக்ஸ் தண்டு 80 மி.மீ., 1450 ஆர்பிஎம், இரண்டு திசையிலும் ஓடும். எண்ணெய் ஐஎஸ்ஓ விஜி 46 (பாகுநிலைத் தரம்), தொட்டியில் 65 டிகிரி. எண்ணெய் வெளியே வராமல் தண்டைச் சுற்றி அடைக்கும் சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்ததால் வெல்டு ஏற்றி, லேத்தில் கடைந்து, எமரி தாளால் பளபளப்பாக்கியிருக்கிறது. நைட்ரைல் ரப்பர் சீல், புதிது. வலச்சுழற்சியில் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. இடச்சுழற்சியிலும் நிற்கும்போதும் ஒரு துளி இல்லை. சீலை மறுபடி மாற்றியும் அதே கதை.

அதே ஓவர்ஹாலில், தண்டின் அச்சுவழித் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் புது பேடுகள் (தாங்கு தட்டுகள்) போடப்பட்டன. டில்டிங் (சாயும்) வகை, 6 பேட். ஐந்து பேட் 72–75 டிகிரி காட்ட, ஒன்று மட்டும் 91. விஜி 68க்கு மாறினால் இரண்டும் அடங்குமா? சீலின் ஸ்பிரிங்கை 2 மி.மீ. வெட்டி இறுக்கலாமா?

பதில் 1

ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். சீலின் உதடு (தண்டைத் தொடும் ரப்பர் விளிம்பு) தண்டை நெருக்கி எண்ணெயை அடைக்கிறது என்று நினைத்தால்தான் இறுக்கத் தோன்றும். ஓடும்போது உதடு ஒரு மைக்ரான் அளவிலான எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் நிற்கிறது. அது வெளியே வழியாமல் இருக்கக் காரணம் உதட்டின் வடிவம். எண்ணெய்ப் பக்கச் சரிவு 40–50 டிகிரி, காற்றுப் பக்கச் சரிவு 20–30 டிகிரி. ஸ்பிரிங்கும் உதட்டு முனையைவிடச் சற்றே காற்றுப் பக்கம் தள்ளி இருக்கும். இதனால் தொடும் பட்டையில் அழுத்தத்தின் உச்சம் எண்ணெய்ப் பக்கம் சாய்கிறது. தண்டு இழுக்கும்போது ரப்பரின் நுண்மேடுகள் சாய்வாக வளைந்து எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பித் தள்ளுகின்றன. எந்தப் பக்கம் சுழன்றாலும் இது நடக்கும்.

ஆகவே திசையைப் பொறுத்துக் கசிவு மாறினால் குற்றம் சீலில் இல்லை, தண்டில். லேத் டூல் நகர்ந்த தடம் திருகின் சுருள்போல நுண்மரையாக நின்றுவிட்டது. எமரி அதன் முகட்டை மழுக்கும், மரையை அழிக்காது. தாளைப் பக்கவாட்டில் நகர்த்திப் பிடித்தால் இன்னொரு மரையும் சேரும்.

நூல் சோதனை செய்து பாருங்கள். தண்டை மட்டமாக வைத்து மெல்லிய எண்ணெய் தடவுங்கள். பருத்தி நூல் ஒன்று 220–240 டிகிரி தழுவும்படி போட்டு, முனையில் 30 கிராம் எடை தொங்கவிட்டு, 60 ஆர்பிஎம்மில் இரு திசையிலும் சுற்றுங்கள். திசை மாறும்போது நூல் நகரும் பக்கமும் மாறினால் மரைதான். இரண்டிலும் ஒரே பக்கம் போனால் தண்டு மட்டமாக இல்லை அல்லது கூம்பாக இருக்கிறது.

இடச்சுழற்சியில் கசியாததை நல்ல அறிகுறியாக எடுக்காதீர்கள். அங்கே மரை உள்நோக்கி இறைக்கிறது; உதட்டின் அடி காய்ந்து கருகும், வெளித்தூசியும் உள்ளே போகும். உங்கள் தண்டின் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 6 மீட்டர். இந்த வேகத்தில் உதட்டின் அடியில் தொட்டியைவிட 20–30 டிகிரி கூடுதலாக இருக்கும். அதாவது நைட்ரைலின் வரம்பான 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறீர்கள். ஸ்பிரிங்கை இறுக்கினால் அதையும் தாண்டும்.

பதில் 2

பேட் விஷயம் தனி. காலர் (பேடுகளின் மேல் சுழலும் தண்டின் வட்டு) கோணலாக இருந்தால் அது தண்டோடு சேர்ந்து சுற்றும், எல்லா பேடுகளையும் மாறி மாறி அழுத்தும். எப்போதும் ஒரே பேட் சூடானால் கோளாறு சுற்றாத பகுதியில்: அந்த பேட் மற்றவற்றைவிடத் தடிமனா, அடியில் அழுக்கு சிக்கியதா, தாங்கும் வளையம் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேடின் மேல் எண்ணெய்ப் படலத்தின் தடிமனே 10–25 மைக்ரான்தான். ஒரு பேட் 15 மைக்ரான் தூக்கி நின்றாலும் சுமையில் பெரும்பங்கு அதன் தலையில்தான்.

பிரிப்பதற்கு முன் இரண்டு தகவல் வேண்டும். ஆறு பேடிலும் சென்சார் துளை ஒரே இடத்தில் இருக்கிறதா? எண்ணெய் நுழையும் விளிம்பிலிருந்து 75 சதவீதத் தூரத்தில் உள்ள சென்சாருக்கும் நடுவில் உள்ளதற்கும் நல்ல வித்தியாசம் காட்டும். இன்னொன்று, பிவட் (பேட் சாயும் ஊன்றுபுள்ளி) நடுவில் உள்ளதா, தள்ளி உள்ளதா?

விஜி 68 வேண்டாம். 65 டிகிரியில் பாகுநிலை 18ல் இருந்து 25 சென்டிஸ்டோக் பக்கம் ஏறும், படலம் கொஞ்சம் தடிக்கும், ஆனால் உராய்வு வெப்பமும் ஏறும். உயர்ந்து நிற்கும் பேட் அப்படியேதான் நிற்கும்.

கேட்டவர்

நூல் வலச்சுழற்சியில் வெளியே போகிறது, இடச்சுழற்சியில் உள்ளே. சென்சார்கள் ஆறும் ஒரே இடத்தில், வலச்சுழற்சிக்கு 75 சதவீதத்தில். பிவட் 60 சதவீதத்தில். இடச்சுழற்சியில் ஆறும் சுமார் 10 டிகிரி கூடுகின்றன. அந்த ஒரு பேட் அப்போதும் தனியாக மேலேதான்.

பதில் 1

மரை உறுதி. தண்டைக் கழற்ற முடிந்தால் கிரைண்டிங் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே செலுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். கடைசியில் தீப்பொறி முற்றாக நிற்கும்வரை விடவேண்டும். சக்கர வேகம் தண்டு வேகத்தின் முழு மடங்காக இருக்கக்கூடாது. ஆர்ஏ (சராசரிச் சொரசொரப்பு) 0.2 முதல் 0.8 மைக்ரான். 0.2க்குக் கீழே கண்ணாடிபோல ஆக்கினாலும் கெடுதல்தான், எண்ணெய் நிற்க இடமிருக்காது. நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் என்பதால் கடினத்தன்மை 55 ஹெச்ஆர்சி (ராக்வெல் அளவு) தேவை. வெல்டு ஏற்றிய இடத்தில் அது கிடைத்ததா என்று அளந்து பாருங்கள்.

கழற்ற முடியாவிட்டால் 0.28 மி.மீ. சுவருள்ள ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) ஏற்றுங்கள், சீல் அளவு மாறாது. சீல் எஃப்கேஎம் (ஃப்ளோரோகார்பன்) ரப்பரில் இருக்கட்டும். உதட்டில் ஒரே பக்கம் சாய்ந்த வரிகள் உள்ள வகை ஒரு திசைக்கு மட்டுமே, வாங்கிவிடாதீர்கள்.

பதில் 2

இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. இரு திசையிலும் ஒரே பேட் சூடாவது உயர வித்தியாசம். பிவட்டிலிருந்து பேபிட் (பேடின் மேலுள்ள மென் உலோகப் பூச்சு) முகம்வரை ஆறையும் மைக்ரோமீட்டரில் அளந்து, பொருந்தாததை மாற்றுங்கள். பேபிட்டைச் சுரண்டிச் சமன் செய்ய வேண்டாம், முகத்தின் தட்டைத்தன்மை போய்விடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இடச்சுழற்சிதான். 60 சதவீத பிவட் ஒரு திசைக்கானது. எதிர்த்திசையில் அது 40 சதவீதமாகிறது. நுழைவாய் அகலமாகவும் வெளிவாய் குறுகலாகவும் எண்ணெய்ப் படலம் ஆப்புபோல அமைவது சிரமம். அதோடு சென்சாரும் இப்போது 25 சதவீதத்தில், அதாவது குளிர்ந்த எண்ணெய் நுழையும் பக்கம். நீங்கள் படிக்கும் 10 டிகிரியைவிட உண்மை ஏற்றம் கூடுதலாகவே இருக்கும். சூடான பேட் வெளிவிளிம்பில் 130 டிகிரியை நெருங்கினால் பேபிட் அழுத்தத்தில் மெல்ல உருமாறி நகர ஆரம்பிக்கும்.

இரு திசையும் ஓடவேண்டுமென்றால் நடு பிவட் பேடுகளே சரி. ஏட்டுக் கணக்கில், வளையாத தட்டையான பேடுக்கு நடு பிவட்டில் சுமை தாங்கும் திறனே வராது. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் முகம் லேசாகக் குவிவதால்தான் நடைமுறையில் தாங்குகிறது. திறன் 60 சதவீத பிவட்டைவிடக் குறைவு என்பதால் உங்கள் அச்சுச் சுமையைத் தயாரிப்பாளரின் வரம்போடு ஒப்பிட்ட பிறகே ஆர்டர் கொடுங்கள். குறைந்தது இரண்டு பேடிலாவது இரு முனையிலும் சென்சார் கேளுங்கள். அதுவரை இடச்சுழற்சியை நிறுத்தி வையுங்கள்.