இடுப்புத் துப்பாக்கிக்கு சேஃப்டி வேண்டுமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மண்டிக்காரர், கிருஷ்ணகிரி:

கைத்துப்பாக்கியில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி, அதாவது தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் பூட்டு, வேண்டுமா என்று கேட்டால், எல்லோரும் உருவும் நொடியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆள் எதிரே நிற்பான், பதற்றத்தில் சேஃப்டியை எடுக்க மறப்பாய், அவ்வளவுதான் என்கிறார்கள். அப்பா காலமான பிறகு வாரிசு முறையில் உரிமம் என் பெயருக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒருவரை நோக்கியும் உருவியதில்லை. ஆனால் இடுப்பிலிருந்து கழற்றியதற்குக் கணக்கே இல்லை. மே, ஜூனில் மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும். ரொக்கத்தோடு அலைகிற அந்த நாட்களில் வங்கிக்கு முன்னால் ஒரு முறை, காட்டுவீர ஆஞ்சநேயர் கோயிலுக்கு முன்னால் ஒரு முறை, வீட்டுக்குப் போனதும் ஒரு முறை. என் துப்பாக்கியின் வாழ்க்கை முழுவதும் கழற்றுவதிலும் மாட்டுவதிலும்தான் போகிறது. சேஃப்டி வேண்டும் என்று நான் சொல்வது இந்த வாழ்க்கைக்காக.

துப்பாக்கி அப்பா காலத்து வால்தர் பிபி, பாயிண்ட் 32. ஜெர்மனியில் 1929இல் வந்த மாடல். மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதிதான் ஸ்லைடு. சேஃப்டி நெம்புகோல் அதன் இடது பக்கம் இருக்கும். கீழே தள்ளினால் பூட்டு, மேலே தூக்கினால் பூட்டு திறந்து சிவப்புப் புள்ளி தெரியும். குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் தோட்டா இருந்தால், பின்னால் இருக்கும் சுத்தியான ஹேமருக்கு மேலே சின்ன ஊசி ஒன்று எட்டிப் பார்க்கும். இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது வழக்கம்போல் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். காவல் நிலையத்துக்குக் கொண்டு போனேன். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியோடு மேசையில் வைத்தேன். ரைட்டர் பதிவேட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இளம் காவலர் ஆசையாக எடுத்துப் பார்த்து, சுவரில் இருந்த காலண்டரைக் குறிவைத்து விசையை அழுத்தினார். விசை தளர்ந்து ஆடியது, வேறொன்றும் நடக்கவில்லை. வாங்கி ஸ்லைடை இழுத்தேன். தோட்டா ஒன்று தெறித்துப் பதிவேட்டின்மேல் விழுந்து, உருண்டு, ரைட்டரின் பேனாவில் முட்டி நின்றது. அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் ஊசியைத் தடவிப் பார்க்காதது என் தப்பு. நெம்புகோல் கீழே இருந்தது என் பாக்கியம்.

உங்கள் அனுபவம் என்ன?

முன்னாள் ஹவில்தார், பாலக்கோடு:

ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் கதையில் உங்களைக் காப்பாற்றிய அதே நெம்புகோல் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தேன். அங்கே பிஸ்டல் என்றால் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்எம் 1ஏ. பிரௌனிங் ஹை பவரின் நம் நாட்டு வடிவம். பதின்மூன்று தோட்டா. அதன் சேஃப்டி இடது பக்கம் கைப்பிடிக்கு மேலே இருக்கும். மேலே தூக்கினால் பூட்டு, கீழே அழுத்தினால் சுடத் தயார். அதாவது உங்கள் வால்தருக்கு நேர் எதிர். துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வந்ததும் என் கட்டைவிரல் தானாகக் கீழே அழுத்தும். அதற்கு மூளை தேவையில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஓசூரில் ஒரு கிரானைட் முதலாளியிடம் சேர்ந்தேன். அவர் உரிமத்தில் ரிடெய்னராக, அதாவது அவருக்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்பவனாக, என் பெயரும் உண்டு. துப்பாக்கி உங்களுடையதைப் போன்றதுதான், நெம்புகோல் ஸ்லைடில். முதல் முறை விசையை அழுத்துவது கனமாக இருப்பதால் சேஃப்டியை எடுத்தே வைத்திருப்போம். ஓர் இரவு சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் டயர் போய்விட்டது. மணி இரண்டிருக்கும். புளியமரத்தடியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒருவன் கையில் நீளமாக இரும்பு. உருவி, காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்ததும் "ஜாக்கி இருக்கிறதா அண்ணா?" என்றான். அவர்கள் லாரியும் படுத்திருந்தது. அவன் கையில் இருந்தது வீல் ஸ்பேனர். நால்வரும் சேர்ந்து இரண்டு சக்கரத்தையும் மாற்றினோம்.

விடிந்து வீட்டில் காலி செய்யும்போதுதான் கவனித்தேன். சிவப்புப் புள்ளி தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கட்டைவிரல் கீழே அழுத்தியிருக்கிறது. பூட்டிய துப்பாக்கியோடு வீரமாக நின்றிருக்கிறேன். அவர்கள் வேறு மாதிரியான ஆட்களாக இருந்திருந்தால்?

இன்னொன்று. 1ஏயில் சேஃப்டி போட்டால் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். காலி செய்ய வேண்டுமானால் முதலில் சேஃப்டியை எடுத்தாக வேண்டும். நீங்கள் சொல்லும் மேசையில், அடுத்தவர் முன்னால், எந்த நேரத்தில் பூட்டு தேவையோ அந்த நேரத்தில்தான் அது திறந்திருக்கும். வால்தரில் பூட்டியபடியே ஸ்லைடை இழுக்கலாம். ஆகவே உங்கள் வாதம் உங்கள் துப்பாக்கிக்கு மட்டும்தான் பொருந்துகிறது.

காட்டோரத்து விவசாயி, அஞ்செட்டி:

பெரியவர்கள் பேசும் இடத்தில் நாட்டுத் துப்பாக்கிக்காரன் நுழைகிறேன். தாத்தா காலத்தில் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் எங்கள் வீட்டில் இருந்தது. குழல் வாய்வழியாக வெடிமருந்து கிட்டிக்கிற ரகம். சேஃப்டி என்ற பேச்சே கிடையாது. தாத்தாவின் சட்டம் ஒன்றுதான்: கேப்பு சட்டைப் பையில், துப்பாக்கி தோளில். மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடிதான் கேப்பு. அதை வைக்காதவரை துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். பரணில் இருக்கும்போதே கேப்பு வைக்கிறவனைத் தாத்தா வீட்டுக்குள் விடமாட்டார். இப்போது யானை வந்தால் பட்டாசுதான், துப்பாக்கி இல்லை.

ஆயுதப்படை ஓய்வு, தர்மபுரி:

ஹவில்தார் சொன்ன நெம்புகோல் திசைக் கோளாறு முழு உண்மை. ஆனால் மண்டிக்காரர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அதற்கு அவர் இன்னும் பழைய சாட்சியைக் கூப்பிட்டிருக்கலாம்.

அமெரிக்க இராணுவத்தின் 1911 பிஸ்டலை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் சுடும் என்று பின்புறத்தில் ஒரு பூட்டு முதலில் வைத்தார். கட்டைவிரல் சேஃப்டியைக் கேட்டு வாங்கியது குதிரைப்படை. ஏன்? ஒரு கையில் கடிவாளம், குதிரை துள்ளுகிறது, மறுகையில் ஹேமர் ஏறிய துப்பாக்கி. அதை உறைக்குள் திருப்பி வைக்க வேண்டும். உருவுவதற்கல்ல, திருப்பி வைப்பதற்கு. நமக்குக் குதிரைக்குப் பதில் இரண்டு சக்கர வண்டி.

க்ளாக் பிஸ்டலில் கட்டைவிரல் சேஃப்டியே கிடையாது. 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. விசையின் நடுவில் ஒரு நாக்கு, உள்ளே இன்னும் இரண்டு பூட்டு. கீழே விழுந்தாலும் வெடிக்காது, விசை முழுதாகப் பின்னால் போனால் மட்டுமே வெடிக்கும். ஆனால் விசையை இழுப்பது விரலா வேறெதுவா என்று அதற்குத் தெரியாது. பயிற்சித் திடலில் ஒருவர் சுட்டு முடித்து, மேலே பார்த்துப் பேசிக்கொண்டே உறைக்குள் சொருகினார். சட்டையின் கீழ் மடிப்பு விசைக்கும் உறைக்கும் நடுவே போயிருந்தது. குண்டு கால்சட்டையை நீளமாகக் கிழித்துக்கொண்டு செம்மண்ணில் இறங்கியது. தோலில் சூடு பட்டதோடு சரி. அன்றிலிருந்து நான் சொருகும்போது குனிந்து பார்க்கிறேன். பார்ப்பது அவமானம் என்று சொல்லித்தருகிற வாத்தியார்களும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். 2017இல் அமெரிக்க இராணுவம் எம்17 என்ற புதிய பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தபோது கட்டைவிரல் சேஃப்டி உள்ளதைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆனாலும் க்ளாக் 17 எல்லாம் நமக்குப் பேச்சுக்குத்தான். 9 எம்எம் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவு.

குவாரி மேலாளர், சூளகிரி:

ரிவால்வர் வாங்குங்கள், இந்தச் சண்டையே வராது என்று எழுதத்தான் வந்தேன். பாயிண்ட் 32 ரிவால்வரில் ஹேமர் ஏற்றாமல் சுட்டால் விசை அவ்வளவு கனம், அதுவே சேஃப்டி. எழுத ஆரம்பித்ததும் எனக்கு நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

மழை இரவு, குவாரிக் கொட்டகைக்குப் பின்னால் சத்தம். பயத்தில் ஹேமரைப் பின்னால் இழுத்துவிட்டேன். டார்ச் அடித்தால் முள்ளம்பன்றி. அது போய்விட்டது, ஏறிய ஹேமர் போகவில்லை. இப்போது விசையைத் தொட்டாலே விழும். இறக்க வேண்டுமானால் ஈரமான கட்டைவிரலால் ஹேமரைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்த வேண்டும். வாட்ச்மேனைத் தள்ளி நிற்கச் சொல்லி, மணல் குவியலுக்கு நேராகக் குழலைப் பிடித்து, வேட்டி நுனியால் விரலைத் துடைத்து, திரும்பவும் துடைத்து, மெல்ல இறக்கினேன். முள்ளம்பன்றியைப் பார்த்தபோது நடுங்கியதைவிட அப்போது அதிகம் நடுங்கினேன். எவ்வளவு பெரிய பூட்டு இருந்திருந்தாலும் போட்டிருப்பேன்.

பணவண்டிக் காவலர், ஓசூர்:

ஆறு ஆண்டு வேலையில் இதுவரை ஐந்து தோட்டா சுட்டிருக்கிறேன், எல்லாம் ஒரே நாளில். எங்களுடையது ரெட்டைக்குழல். தோட்டா போடக் குழலை மடித்தாலே சேஃப்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். ஹவில்தார் ஐயாவின் கட்டைவிரலுக்குப் பழக்கம் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பழக்கம் வரத் தோட்டா யார் தருவார்கள்?

மண்டிக்காரர், கிருஷ்ணகிரி:

காவலர் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் சுட்டுப் பழகியது குறைவு. ஹவில்தார் ஐயாவுக்கு: ஸ்லைடு பூட்டிக்கொள்ளும் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. என் துப்பாக்கியை வைத்தே எல்லாத் துப்பாக்கிக்கும் பேசிவிட்டேன். அதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். திருப்பி வைக்கும்போதும் அடுத்தவர் கைக்குப் போகும்போதும் பூட்டு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. போன மாதம்கூடக் கல்யாண வீட்டில் மச்சான் ஒருவர் "வானத்தைப் பார்த்து ஒன்று சுடுங்கள் மாமா" என்று இடுப்பில் கை வைத்தார். 2019 சட்டத் திருத்தத்தில் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று சொன்னதும் கையை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் நெம்புகோல் கீழேதான் இருந்தது.

இப்போதெல்லாம் மேகசின், ஸ்லைடு, ஊசி, பிறகு சுண்டுவிரலை சேம்பருக்குள் விட்டுப் பார்ப்பது. நான்கும் முடிந்த பிறகே எதன்மேலும் வைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

முன்னாள் ஹவில்தார், பாலக்கோடு:

சிரிக்கட்டும். என் முதலாளியின் துப்பாக்கி நெம்புகோலில் நான் சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறேன், மகளுடையது. இரவில் தெரியாது என்று அவள் சொல்கிறாள். அதுவும் சரிதான்.