முழங்கை நரம்பை ஸ்கேனில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

செல்வி: தையல் வேலை செய்கிறேன். ஆறு மாதமாகச் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போயிருந்தன. கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் முழங்கையின் உட்பக்கம் ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, "மெல்ல மடக்குங்கள் அம்மா" என்றார். திரையில் கருத்த சிறு முட்டை போல ஒன்று எலும்பு மேட்டில் ஏறி, டக்கென்று மறுபக்கம் விழுந்தது. அதே நொடி சுண்டுவிரலில் சுரீரென்றது. அதுதான் என் நரம்பாம். இப்போதும் கையை மடக்கினால் அதுதான் கண்ணுக்குள் வருகிறது.

முருகேசன்: சகோதரி, நரம்பு எலும்பைத் தாண்டுவதே நோய் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் அது தாண்டும். நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குத் தாண்டவே இல்லை. ஆனால் நரம்பின் குறுக்குப் பரப்பு 16 சதுர மில்லிமீட்டர். 10-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவார்கள். முதலில் செய்த, நரம்பில் மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் சோதனை சரியாக இருக்கிறது என்று சொன்னதை நம்பி ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது. வீட்டுப் பூட்டைத் திறக்க மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

நஸீமா: எனக்கு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைத் திரவம். ஊசி வெள்ளைக் கோடாக நரம்பை நெருங்கியது. திரவம் இறங்க இறங்க நரம்பைச் சுற்றிக் கருப்பு வளையம் விரிந்து, ஒட்டிக்கிடந்த சவ்விலிருந்து அது விலகி மிதந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இரண்டு முறைக்குப் பிறகு இரவு மரமரப்பு இல்லை. விரல் நுனியில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

தியாகராஜன்: எனக்கு லேசான வீக்கம்தான், ஊசி இல்லாமலே அடங்கியது. உடனே ஊசி போட்டுக்கொள்ள ஓடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசியை மருந்தில்லாத ஊசியோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. நஸீமாவுக்குப் போட்டது வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் கையை மடக்குவதைக் குறையுங்கள். மடக்கினால் நரம்பு போகும் பாதை இறுகும். இரவில் முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றாதீர்கள். போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசாதீர்கள். செல்வி அவர்களே, தையல் மேசையில் முழங்கை படும் இடத்தில் பஞ்சு வையுங்கள். முருகேசன் போல சதை வற்றத் தொடங்கினால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

செல்வி: பஞ்சு வைத்துவிட்டேன் அண்ணா. நஸீமா, உங்களுக்கும் மடக்கும்போது நரம்பு தாண்டியதா? ஊசிக்குப் பிறகு அது நின்றதா?