மேக்னஸ் கார்ல்சனின் அப்பா பெயர் ஹென்றிக். அப்போ அந்தக் 'கார்ல்' யார்?

குதிரை_வாத்தியார்:

திருச்சியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். போன சனிக்கிழமை வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, போர்டில் நான் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, "சார், ஆனந்துக்கு வி., பிரக்ஞானந்தாவுக்கு ஆர்., கார்ல்சனுக்கு இனிஷியல் என்ன சார்?" என்று கேட்டாள். அவங்க ஊரில் இனிஷியல் கிடையாதும்மா, 'சன்' என்றால் மகன், அதுதான் அப்பா பெயர் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விட்டாளா? "அப்போ அவங்க அப்பா பேரு கார்லா?"

இல்லை. ஹென்றிக். 2013 நவம்பரில் சென்னையில் உலகச் செஸ் பட்டப் போட்டியில் கார்ல்சன் ஆனந்தை ஆறரைக்கு மூன்றரை என்று ஜெயித்தாரே, அப்போதே பேப்பரில் படித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி அவர் ஹென்றிக்சன் ஆகியிருக்க வேண்டும். ஏன் ஆகவில்லை? இந்தக் கார்ல் யார்?

கூடவே இன்னொன்று. நார்வேக்காரர் என்றால் வாள், கோடரி, ஓநாய் என்று ஏதாவது அர்த்தம் இருக்குமே, மேக்னஸ் என்றால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடி கேட்பாள்.

மணி_சேலம்:

சார், அது வெறும் சர்நேம். ஜான்சன் மாதிரி. அப்பா பெயர் ஜானாக இருக்கணும்னு அவசியம் இல்லை. மற்றபடி அங்கே எல்லாம் பழைய வைக்கிங் பெயர்கள்தான். பியோர்ன் என்றால் கரடி, உல்ஃப் என்றால் ஓநாய், லிவ் என்றால் உயிர். மேக்னஸும் யாரோ வைக்கிங் வீரன் பெயராகத்தான் இருக்கும்.

பேர்கன்_அக்கா:

தம்பி, உங்கள் மாணவியைக் கெட்டிக்காரி என்று சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நான் யாழ்ப்பாணம். 22 வருஷமாக நோர்வேயின் பேர்கன் நகரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை. காலையில் கதவைத் திறந்ததும் நான் பார்ப்பது பெயர்களைத்தான். சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிள்ளையின் பெயர், கீழே மழைக்கோட்டு. இந்த ஊரில் மழைக்கோட்டு இல்லாமல் ஒரு பிள்ளையும் வெளியே போக முடியாது. போன வருஷம் என் வரிசையில் ஒரு ஒடின் இருந்தான். போருக்கும் செத்தவர்களுக்கும் அதிபதியான கடவுளின் பெயர். மூக்கு ஒழுக, ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு, அம்மா வேண்டும் என்று அழுதுகொண்டு நிற்பான். வைக்கிங் காலத்தில் பிள்ளைக்கு வெறும் ஒடின் என்று பெயர் வைக்கிற பழக்கம் இல்லை. இப்போதுதான் அது மிகவும் பிரபலம். அந்தக் காலத்துச் சனங்கள் தூர் என்ற இடிக் கடவுளைத்தான் விட்டுவைக்கவில்லை. தூர்ஸ்டைன் என்றால் தூரும் கல்லும். தூர்பியோர்ன் என்றால் தூரும் கரடியும்.

சரி, கார்லுக்கு வருகிறேன்.

முன்பு நோர்வேயில் ஒரு ஆளின் பெயருக்கு மூன்று துண்டு: சொந்தப் பெயர், அப்பா பெயர், இருக்கிற பண்ணையின் பெயர். ஹான்ஸின் மகன் ஊலெ, ஹெளகன் என்ற பண்ணையில் இருந்தால் அவன் ஊலெ ஹான்சென் ஹெளகன். ஹெளகன் என்றால் மேடு. அங்கிருந்து பக்கென் பண்ணைக்கு, அதாவது சரிவுக்கு, குடிபெயர்ந்தால் ஊலெ ஹான்சென் பக்கென். கடைசித் துண்டு குடும்பப் பெயர் இல்லை, கிட்டத்தட்ட விலாசம். அவன் மகன் ஹான்சென் இல்லை, ஊல்சென். மகள் ஊல்ஸ்தத்தர், ஊலெயின் மகள். நம் இனிஷியல் போலத்தான், ஒரு தலைமுறைக்கு ஒன்று.

அப்புறம் பதிவேடு வந்தது. டென்மார்க்கில் 1828-லேயே, ஞானஸ்நானம் கொடுக்கும்போது நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று உத்தரவு. நோர்வேயில் நகரத்து ஆட்கள் முதலில் மாறினார்கள், கிராமத்து ஆட்கள் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1923 சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஒரே பெயர், அது பிள்ளைகளுக்கும் போக வேண்டும் என்று முடித்துவைத்தது. சிலர் பண்ணைப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். சிலருக்கு அந்த நேரத்தில் கையில் இருந்த அப்பா பெயர் அப்படியே உறைந்துபோனது. கார்ல்சென் என்ற பெயர் அப்படி உறைந்த வகை. முன்னோரில் யாரோ ஒரு கார்லோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அப்பா ஹென்றிக்காக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன. பெண்களும் -சென் ஆனார்கள். எங்கள் மாடியில் இருக்கும் அம்மாவின் குடும்பப் பெயர் ஹான்சென். எழுபது வயது மனுஷி, பெயரின்படி ஹான்ஸின் மகன்.

மணி தம்பி, மக்னுஸ் வைக்கிங் பெயரே இல்லை. லத்தீன். 'பெரிய' என்று அர்த்தம். அது இங்கே வந்த கதை அருமையானது, 13-ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி என்ற ஐஸ்லாந்து எழுத்தாளர் எழுதிவைத்தது. 1024 வாக்கில் ஒரு இரவு நோர்வே அரசர் ஊலாவுக்குப் பிள்ளை பிறக்கிறது. உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, உடனே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறார் பாதிரியார். அரசரோ தூக்கத்தில். அவரை எழுப்ப ஒருவருக்கும் துணிவில்லை. சிக்வாத் என்ற அவைப் புலவர், பழி என் தலையில் இருக்கட்டும் என்று தானே மக்னுஸ் என்று பெயர் வைத்துவிடுகிறார். விடிந்ததும் அரசருக்குக் கோபம், எங்கள் வம்சத்தில் இல்லாத பெயரை ஏன் வைத்தாய் என்று. புலவர், உலகத்திலேயே சிறந்த மனுஷர் என்று நான் அறிந்த கார்லமக்னுஸ் அரசரின் பெயரைத்தான் வைத்தேன் என்கிறார். ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் என்று நீங்கள் படித்திருப்பீர்களே, அவர்தான். லத்தீனில் கரோலுஸ் மக்னுஸ், 'பெரிய கார்ல்'. புலவர் பட்டத்தைப் பெயராக்கிவிட்டார்! பிறகு நோர்வேயில் மக்னுஸ் என்ற பெயரில் ஏழு அரசர்கள்.

இப்போது உங்கள் ஆளின் பெயரைப் பாருங்கள். மக்னுஸ் கார்ல்சென். முன்பாதியில் அந்த அரசரின் பட்டம், பின்பாதியில் கார்ல் என்ற அவருடைய சொந்தப் பெயர். வேண்டுமென்றே வைத்தது இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. முழுப் பெயர் ஸ்வென் மக்னுஸ் ஊஎன் கார்ல்சென். ஸ்வென் என்றால் பையன். ஊஎன் அம்மா வழிப் பெயர், தீவு என்று அர்த்தம். கார்ல் என்றால் ஆண்பிள்ளை, யாருக்கும் அடிமை இல்லாத ஆள். ஆக வாளும் இல்லை, கோடரியும் இல்லை.

போர் வேண்டும் என்றால் பெண்களின் பெயரைப் பாருங்கள். ஹில்ட் என்றாலும் குன் என்றாலும் போர்தான். குன்ஹில்ட் என்று ஒரு பெயர் உண்டு, போர்ப்போர்! திருப்பிப் போட்டு ஹில்டெகுன் என்றும் உண்டு. இரண்டு துண்டையும் சேர்த்து வாக்கியமாக அர்த்தம் தேடக்கூடாது. அப்பா வீட்டிலிருந்து ஒரு துண்டு, அம்மா வீட்டிலிருந்து ஒரு துண்டு என்று ஒட்டிவிடுவார்கள். தூர்ஸ்டைனைத் திருப்பினால் ஸ்டைன்தூர், அதுவும் பெயர்தான். லிவ்வும் முதலில் உயிர் இல்லை, பழைய நோர்ஸ் மொழியில் 'ஹ்லீவ்', காப்பு. இன்றைய மொழியில் லிவ் என்றால் உயிர் என்பதால் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோரிடம் நான் திருத்தப் போவதில்லை.

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. எங்கள் தபால் பெட்டியில் 'கந்தையா' என்று எழுதியிருக்கிறது. அது என் மாமனார். நோர்வேயை அவர் கண்ணால் கண்டதில்லை, சாவகச்சேரியிலேயே காலமானார். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, என் கணவர் தன் அப்பா பெயரை எழுதினார், அவ்வளவுதான். இப்போது நான் கந்தையா, மகள் கந்தையா, மகனும் கந்தையா. மகனுக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் அநேகமாகக் கந்தையா. அவர்கள் பள்ளியில் யாராவது 'கந்தையா யார்' என்று கேட்டால் என்ன சொல்வார்களோ.

கோத்தன்பர்க்_செல்வம்:

அக்கா சொன்னதோடு சுவீடன் பக்கம் கொஞ்சம். இங்கே அப்பா பெயர் உறைந்தால் -சென் இல்லை, -சொன். அதிலும் இரண்டு 'ஸ்' எழுதுவார்கள், கார்ல் + ஸ் + சொன் மாதிரி. நடுவில் வருவது நம்ம 'உடைய'.

ஒரே படையில் பத்து ஆண்டர்சொன் இருந்தால் யாரைக் கூப்பிடுவது? அதனால் சிப்பாய்களுக்குச் சின்னதாக வேறு பெயர் கொடுத்தார்கள். ராஸ்க் (வேகம்), மூடிக் (துணிச்சல்), ஸ்டோல் (எஃகு). என் டீமில் ஒரு மூடிக் இருக்கிறார். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார்.

செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த லின்னேயஸ் குடும்பமும் இப்படித்தான். அவர் அப்பா நில்ஸ் இங்கெமார்சொன், அதாவது இங்கெமாரின் மகன். படிக்கப் போன இடத்தில் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. வீட்டு நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை வைத்து லின்னேயஸ் என்று சூட்டிக்கொண்டார்.

குதிரை_வாத்தியார்:

அக்கா, செல்வம், நன்றி. சனிக்கிழமை கார்லமக்னுஸ் கதையைச் சொன்னேன். அரசரை எழுப்பப் பயந்த இடத்தில் வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, அடுத்த கேள்வியோடு வந்திருந்தாள். 1988-ல் கோர்ச்னோயைத் தோற்கடித்த ஐஸ்லாந்து கிராண்ட்மாஸ்டர் யோஹான் ஹ்யார்தர்சனின் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "இவருக்காவது அப்பா பேரு ஹ்யார்தரா சார்?"

பேர்கன்_அக்கா:

கிட்ட வந்துவிட்டாள். ஐஸ்லாந்தில் இன்னும் உறையவில்லை, அங்கே அது உண்மையாகவே அப்பா பெயர்தான். அதனால் யாரையும் பின்பெயரால் கூப்பிட மாட்டார்கள், டெலிபோன் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதுவே சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது. உலக செஸ் சம்மேளனத்துக்கு 1978 முதல் 1982 வரை தலைவராக இருந்தாரே ஃப்ரித்ரிக் ஓலாஃப்சன், அவரும் அவர் ஊரில் வெறும் ஃப்ரித்ரிக்தான். ஆனந்தை அப்பா பெயரைச் சுருக்கி 'விஷி' ஆக்கிய மாதிரி அங்கே நடக்காது.

ஆனால் அந்த அப்பா ஹ்யார்தர் இல்லை, ஹ்யோர்துர். கலைமான் என்று அர்த்தம். அவர்கள் மொழியில் பெயரும் வேற்றுமை ஏற்கும், நமக்கு வீடு வீட்டின் ஆகிற மாதிரி. ஹ்யோர்துரின் என்று சொல்ல ஹ்யார்தர். அதோடு சன். மகளாக இருந்தால் தோத்திர்.

குதிரை_வாத்தியார்:

சொன்னேன். "அப்போ யோஹானோட பையனுக்கு மான் வராதா?" என்கிறாள்.

பேர்கன்_அக்கா:

வராது, அவன் யோஹான்சன் ஆகிவிடுவான். ஆனால் அங்கேயும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் உண்டு. பையனுக்கு ஹ்யோர்துர் என்று வைத்தால், அவனுடைய பிள்ளை மறுபடியும் ஹ்யார்தர்சன். பேரன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள்.