பின்வளவுக் குருவிகளுக்குப் பனிக்காலத் தீனி: வைப்பதா, விடுவதா?

வெள்ளைவேலி:
ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெரு முழுக்க இப்போது ஃபீடர், அதாவது குருவிக்கு விதை போடும் கூடு, தொங்குகிறது. நல்ல மனதோடுதான் வைக்கிறார்கள். ஆனால் போன கிழமை எங்கள் வேலியில் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டு கண்ணும் வீங்கி, ஓரமெல்லாம் பீளை காய்ந்து ஒட்டியிருந்தது. கை எட்டும் தூரம் போயும் பறக்கவில்லை. 1994இல் வாஷிங்டன் பக்கம் இந்தக் குருவிகளிடம் முதலில் தெரியவந்த கண்நோய் இது. கோழிகளுக்கு வரும் மைக்கோபிளாஸ்மா கிருமிதான் காரணம். குழாய் ஃபீடரின் ஓட்டைக்குள் தலையை விடும்போது சீக்குக் கண் விளிம்பில் உரசும். அடுத்து வரும் குருவியும் அதே விளிம்பில் உரசும். சிதறி மேய்கிறவற்றை ஒரே ஓட்டைக்கு வரவழைப்பது நாம்தான். வைக்காமல் விடுவதே நல்லது.

பனிச்சிட்டு:
நோய் உண்மைதான் அக்கா. ஆனால் மைனஸ் 20 இரவை யோசியுங்கள். இங்கே குளிர்காலத்திலும் தங்கும் சிக்கடி என்ற குருவியின் எடையே ஏறக்குறைய 12 கிராம். விடியும்வரை தாக்குப்பிடிக்க உடல் சூட்டைப் பத்து டிகிரிக்கு மேலும் இறக்கிக்கொள்ளும். பகலில் சேர்த்த கொழுப்பெல்லாம் ஒரே இரவில் எரிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 1988இல் வெளியான ஆய்வில், குளிர்காலத்தில் ஃபீடர் இருந்த இடத்துச் சிக்கடிகளில் 69 சதவீதம் பிழைத்தன. இல்லாத இடத்தில் 37 சதவீதம்தான்.

வெள்ளைவேலி:
அதே ஆய்வாளர்கள் 1992இல் எழுதியதையும் பாருங்கள் தம்பி. 25 வருடம் தீனி வைத்த காட்டில் ஃபீடரை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்தவையும், தீனியே பார்க்காத காட்டில் இருந்தவையும் ஒரே அளவில்தான் பிழைத்தன. மரப்பட்டை இடுக்கில் ஒளித்த விதையை நினைவு வைத்து எடுக்கிற பறவை அது. வழக்கமான குளிரில் அதற்கு நம் தயவு வேண்டியதில்லை.

பனிச்சிட்டு:
அந்த ஆய்வு எனக்கும் சாட்சி. பழக்கிவிட்டால் தானாக இரை தேடாது, பிறகு செத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அது பொய் என்று காட்டியதே அதுதான்.

டெக்வாசி:
இடையில் ஒரு கேள்வி. அம்மா சனிக்கிழமை விரதச் சோற்றைக் காகத்துக்கென்று டெக்கில், அதாவது வீட்டுப் பின்புற மரத்தளத்தில், வைப்பார். இங்கே வருவது ராக்கூனும் எலியும்தான். அம்மாவிடம் நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.

பனிச்சிட்டு:
சோறு வேண்டவே வேண்டாம். ரொறன்ரோவில் காட்டு விலங்குகளுக்கும் புறாவுக்கும் தீனி வைப்பது சட்டப்படி குற்றம். பாட்டுப் பறவைகளுக்கு உயரத்தில் ஃபீடர் மாட்டி, சுத்தமாக வைத்திருந்தால் தடையில்லை. அம்மா கையாலேயே கறுப்புச் சூரியகாந்தி விதையைப் போடச் சொல்லுங்கள். கார்டினல், நட்ஹாட்ச், சிக்கடி எல்லாம் வரும். ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் மாட்டுங்கள், இல்லையென்றால் பத்து மீட்டர் தள்ளி. இடைப்பட்ட தூரத்தில்தான் கண்ணாடியில் வேகமாக மோதிச் சாகும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டவேண்டும்.

வெள்ளைவேலி:
ஜனவரிக் குளிரில் யார் கழட்டிக் கழுவுகிறார்கள்? எங்கள் தெரு ஃபீடர்களில் விதை ஊறிப் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. கழுவ முடியாதவர் வாங்கவே கூடாது. அதற்குப் பதில் சுமாக், சேர்விஸ்பெரி போன்ற காய்க்கும் செடிகளை நடுங்கள். கூம்புப்பூவின் காய்ந்த தலையை இலையுதிர் காலத்தில் வெட்டாமல் விடுங்கள். கோல்ட்ஃபிஞ்ச் அதில் தொங்கித் தொங்கிக் கொத்தும். சீக்குப் பறவை கண்ணில் பட்டால் அன்றே ஃபீடரை இறக்குங்கள்.

பனிச்சிட்டு:
கழுவுவதிலும் இறக்குவதிலும் எனக்கு மறுப்பே இல்லை. செடி நடுவதும் நல்லது, வளவு இருந்தால். 2013 டிசம்பர் உறைமழை நினைவிருக்கிறதா? ரொறன்ரோவில் கிளை, மொட்டு, காய் எல்லாமே பனிக்கட்டிக்குள் போயின. அப்படி ஒரு நாளில் சுமாக் காயைக் குருவி எப்படி எடுக்கும்?

வெள்ளைவேலி:
அப்படிப்பட்ட நாட்களுக்கு மட்டும் என்றால் சரி தம்பி, நானும் வைப்பேன். பனி உருகி, ஏப்ரல் வந்த பிறகும் தொங்குகிற ஃபீடர்களைத்தான் என்னால் ஏற்கமுடியாது.