நாணல் படுகை கட்டிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. எங்கள் ஒழுங்கை யாழ்ப்பாணம் நல்லூர்ப் பக்கம். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், மலசலகூடக் குழிகள் நிரம்பி வெள்ளவாய்க்காலுக்குள் வழியும். வாய்க்கால் போய்ச் சேருவது குளத்துக்கு. போன மாரி வடிந்தபோது மதகடியில் முழங்கால் அளவு கறுப்புச் சேறு. கீழே சுண்ணாம்புக்கல், எது இறங்கினாலும் வெடிப்பு வழியே கிணற்றுக்குத்தான். நாங்கள் குடிப்பதும் அதைத்தான்.

ஜெர்மனியில் மழைநாளில் வழியும் சாக்கடை நீரை நாணல் நட்ட மணல் படுகையில் தேக்கி, மெல்ல வடிய விடுகிறார்கள். மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. நாணலின் வேலை பெரும்பாலும் மணல் அடைபடாமல் பார்ப்பது. அப்படியொரு படுகை கட்டக் குளத்தருகே எங்களுக்கும் அரைப் பரப்புக் காணி தர ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

சரி, சந்தேகங்களுக்கு வருகிறேன். படுகையின் அடியில் தடித்த பொலித்தீன் போதுமா, கொங்கிறீட்தான் வேண்டுமா? முன்னால் படிவுத்தொட்டி (சேறு அடியில் தங்கும் தொட்டி) இல்லாவிட்டால் படுகையில் போடும் சல்லி சீக்கிரம் அடைத்துவிடும் என்று தெரியும், ஆனால் இருபது வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொட்டி? வைகாசி முதல் ஆவணி வரை சொட்டுத் தண்ணீர் வராது. அந்த வெயிலுக்குச் சம்பு தாங்குமா, வெட்டிவேர் நல்லதா? அயலவருக்கு நுளம்புப் பயம் வேறு. தண்ணீர் மேலே தெரியாமல் சல்லிக்குள்ளேயே ஓடும் என்று சொன்னாலும் நம்புகிறார்கள் இல்லை.

கட்டிப் பார்த்த மேசன்மார், பொறியியல் படித்தவர்கள் யாராவது ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் பெரிய உதவி. தேத்தண்ணி எங்கள் வீட்டில். மாரிக்கு முதல் குழி வெட்ட வேண்டும்.